குளிர்கால ஃப்ளை ஃபிஷிங்: தூண்டிலை எடுக்கும் முன் அணையைப் பாருங்கள்

பாறைமேல் வைத்த பிளாஸ்க்கைக் காணவில்லை. எனக்கு முதல் பாடம் அப்படித்தான் கிடைத்தது. அணைக்குக் கீழே, முழங்காலளவு நீரில், தக்கையையே பார்த்தபடி அரை மணி நேரம் நின்றிருந்தேன். நீர் ஏறியது காதில் விழவில்லை, கண்ணிலும் படவில்லை. திரும்பிப் பார்த்தால் பிளாஸ்க் மட்டுமல்ல, பாறையே இல்லை. நான் கடந்து வந்த சரளை மேட்டின் மேல் கலங்கல் நீர் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. இடுப்புக்கு மேல் நனைந்து, பற்கள் கிட்டிக்க, கரையேறினேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. எங்கோ ஒரு நகரத்தில் மக்கள் காலையில் எழுந்து ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள், மின்நிலையம் கூடுதலாக ஒரு டர்பைனைச் சுழற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் அணைகளுக்குக் கீழே உள்ள ஆறுகளுக்குத்தான் போகிறார்கள். காரணம் எளிது. நீர் அதிக அடர்த்தியோடு இருப்பது சுமார் 4 டிகிரி செல்சியஸில். அதனால் ஆழமான நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு உறைந்து கிடந்தாலும் அடிநீர் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். அடி மதகு வழியாகவோ டர்பைன் வழியாகவோ அந்த நீர் வெளியே வருகிறது. மற்ற ஆறுகள் உறைந்துபோகும் நாளிலும் அணைக்குக் கீழே சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு திறந்தே ஓடும். மீனுக்கு அது கதகதப்பு. ஆனால் அந்தக் கதகதப்போடு ஒரு நிபந்தனையும் வருகிறது: இந்த ஆற்றின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது வானமல்ல, அணையின் கட்டுப்பாட்டு அறை.

ஃப்ளை ஃபிஷிங்கில் பூச்சி என்றால் நூலும் இறகும் கொண்டு முள்ளில் கட்டிய போலிப் பூச்சி. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது “எந்தப் பூச்சியைக் கட்ட வேண்டும்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, “நீர் எத்தனை நாளாக இதே மட்டத்தில் இருக்கிறது?”

முதல் படி: அணை எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு அணைக்கும் ஒரு முதன்மை வேலை உண்டு. குளிர்காலத்தில் உங்கள் ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்த வேலையைப் பொறுத்தது.

பாசன அணைகள் குளிர்காலத்தில் கையை இறுக்கிக்கொள்ளும். அறுவடை முடிந்த பிறகு வயலுக்கு நீர் வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்காகச் சேமிப்பு தொடங்கிவிடும். இலையுதிர் காலத்தில் வெளியேற்றத்தைக் குறைத்தால் வசந்தம் வரை ஆறு மெலிந்து, தெளிந்து, பெரும்பாலும் ஒரே சீராக ஓடும். தூண்டில்காரனுக்கு இது நல்ல செய்திபோலத் தோன்றும். மீன்கள் சில மடுக்களில் குவிந்திருக்கும், தேட வேண்டியதில்லை. மீனின் கணக்கு வேறு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஹென்றிஸ் ஃபோர்க் ஆறு இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஐலண்ட் பார்க் அணை குளிர்காலத்தில் எவ்வளவு நீர் விடுகிறதோ, அதைப் பொறுத்தே வானவில் ட்ரவுட் குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்பது அமைகிறது. குஞ்சுகள் கரையோரக் கற்களுக்கும் செடிகளுக்கும் இடையே ஒளிந்து குளிர்காலத்தைக் கழிப்பவை. நீர் குறைந்து கரை வறண்டால் ஒளிய இடமில்லை. மூன்று வருடம் கழித்து உங்கள் தூண்டிலில் எத்தனை மீன் மாட்டும் என்பதை இந்த ஜனவரியின் கன அடிக் கணக்கு முடிவு செய்துவிடுகிறது.

வெள்ளத் தடுப்பு அணைகள் இதற்கு நேர்மாறு. மழைக்காலத்துக்கு முன்பே தேக்கத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதால் இலையுதிர் காலம் முழுவதும் நீரை வெளியே தள்ளும். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கின் கிளையாற்று அணைகளில் ஜனவரி தொடக்கத்துக்குள் மட்டத்தைத் தாழ்த்திவிடுவது வழக்கம். ஆகவே நவம்பரிலும் டிசம்பரிலும் ஆறு நிரம்பி ஓடலாம். அதன் பிறகு சற்று அமைதி. நடுவே பெருமழை வந்தால், வெள்ளத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டுப் பின்னால் நாள் கணக்கில் திறந்துவிடுவார்கள். மழை நின்று வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிப் போனால் ஆறு கரைபுரண்டு ஓடும்.

மின்சார அணைகளில் நாளுக்கு நாள் என்றில்லை, மணிக்கு மணி மாறும். கோடையில் மின்தேவை பிற்பகலில் உச்சம் தொடும். குளிர்காலத்தில் விடியற்காலையிலும் மாலையிலும். அணையும் அந்த நேரங்களில்தான் டர்பைனை ஓட்டும். ஆர்கன்சா மாநிலத்தின் வைட் ஆற்றில், புல் ஷோல்ஸ் அணையில் எட்டு டர்பைன்கள் இருக்கின்றன. அங்கே தூண்டில்காரர்கள் சந்தித்துக்கொண்டால் வானிலை பேசுவதில்லை, “இன்று எத்தனை ஓடுகிறது?” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஒன்றும் ஓடாதபோது நடந்து கடக்கலாம். எட்டும் ஓடினால் படகில்லாமல் கிட்டே போகக்கூடாது. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் தொழிற்சாலைத் தேவை குறைவதால் வெளியேற்றம் குறையக்கூடும். ஆனால் கடுங்குளிர் அலை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

பல அணைகள் மூன்று வேலையையும் சேர்த்தே பார்க்கும். அப்போது எந்த வேலை எந்த மாதத்தில் முந்துகிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் உட்கார்ந்தே வரைபடத்தைப் படியுங்கள்

அணை நிர்வாகங்கள் பலவும் மறுநாள் வெளியேற்றத் திட்டத்தை இணையத்திலோ தொலைபேசிப் பதிவிலோ அறிவிக்கின்றன. அதோடு ஆற்றில் தானியங்கி நீர்மட்ட அளவிகள் இருக்கும். அமெரிக்காவில் இவை பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பதிவு செய்கின்றன.

வினாடிக்கு ஓடும் நீரின் அளவும் வரைபடத்தில் இருக்கும். அது கன அடியில் இருந்தாலும் கன மீட்டரில் இருந்தாலும் பதற வேண்டாம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர், ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. இந்த எண்ணை வைத்து வேறோர் ஆற்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை. வினாடிக்கு 500 கன அடி என்பது ஒடுங்கிய பள்ளத்தாக்கில் சீறிப் பாயும். அகன்ற சமவெளி ஆற்றில் கணுக்காலைத்தான் நனைக்கும். ஆகவே ஒரே ஆற்றுக்குத் திரும்பத் திரும்பப் போய், எந்த எண்ணுக்கு எந்தக் கல் தலைகாட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கல்லைப் பற்றித்தான் இருக்கிறது. எருமை முதுகு போன்ற கல் அது. முதுகு உலர்ந்திருந்தால் மறுகரைக்குப் போகலாம். முதுகின் மேல் நீர் வழிந்தால் இந்தக் கரையோடு சரி.

வரைபடத்தில் ஒரு நாளை மட்டும் பார்க்காமல் கடந்த பத்து நாளைப் பாருங்கள். கோடு எப்படி இருக்கிறது? மேசை விளிம்புபோலத் தட்டையாக இருந்தால் கிளம்புங்கள், மட்டம் சற்று அதிகமானாலும் பரவாயில்லை. ரம்பப் பல்போல ஏறி இறங்கினால் அது மின்சாரத்துக்கான ஓட்டம். பற்களுக்கு நடுவே உள்ள பள்ளமே உங்கள் நேரம். நேற்றுத்தான் படிக்கட்டுபோல ஒரேயடியாக இறங்கியிருக்கிறது அல்லது ஏறியிருக்கிறது என்றால் இரண்டு நாள் பொறுங்கள். குளிர்ந்த நீரில் ட்ரவுட்டின் உடல் மெதுவாகவே இயங்கும். புது இடம் பார்த்து, அங்கே குடியேறி, மறுபடி இரை எடுக்க அதற்கு அவகாசம் வேண்டும். கோடையில் அரை நாளில் சமாளித்துக்கொள்ளும் மாற்றத்தைக் குளிர்காலத்தில் அப்படிச் சமாளிப்பதில்லை. மட்டம் குறைவா கூடுதலா என்று கவலைப்படுகிறவர்களைவிட, சீராக இருக்கிறதா என்று பார்க்கிறவர்களே அதிகம் மீன் பிடிக்கிறார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், பெரும்பாலும் மற்றவர் பிடிப்பதை வேடிக்கை பார்த்தபடி.

மூன்றாம் படி: அலை உங்களிடம் எப்போது வரும் என்று கணக்குப் போடுங்கள்

அணையில் காலை ஆறு மணிக்குத் திறந்த நீர் உங்கள் இடத்துக்கு ஆறு மணிக்கே வந்துவிடாது. ஆற்றின் சரிவு, அகலம், ஏற்கெனவே ஓடும் நீரின் அளவு எல்லாம் சேர்ந்து அதன் வேகத்தைத் தீர்மானிக்கும். யாரிடமும் கேட்காமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். மேலே ஓர் அளவி, கீழே ஓர் அளவி என இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் அளவியில் கோடு எழும் நேரத்தையும் கீழ் அளவியில் எழும் நேரத்தையும் குறியுங்கள். 12 கிலோமீட்டர் இடைவெளியைக் கடக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் மணிக்கு 4 கிலோமீட்டர். அணையிலிருந்து 8 கிலோமீட்டரில் நிற்கிறீர்கள் என்றால், திறந்து இரண்டு மணி நேரத்தில் உங்கள் காலடிக்கு வரும். ஓட்டம் ஏற்கெனவே பெரிதாக இருந்தால் இன்னும் சீக்கிரமே வரலாம் என்பதால் அரை மணி நேரத்தைக் கழித்தே திட்டமிடுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மட்டம் ஏறும் அலை, நீரைவிட வேகமாகப் பயணிக்கும். முதலில் மட்டம் ஏறும். அணையிலிருந்து புறப்பட்ட நீர் பின்னால்தான் வந்து சேரும். “நீர் கலங்கினால் கரையேறிவிடுவேன்” என்று காத்திருக்கக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். கலங்கலுக்கு முன்பே கால் தரையை விட்டிருக்கும்.

ஆற்றில் இறங்கியதும் நான் செய்யும் முதல் வேலை, நீர் விளிம்பில் ஒரு சுள்ளியை நட்டு வைப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். சுள்ளிக்கும் நீருக்கும் நடுவே உலர்ந்த மணல் இருந்தால் நீர் இறங்குகிறது. சுள்ளியின் கால் நனைந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன், மீன் மாட்டியிருந்தாலும். இன்னும் சில அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீரில் திடீரென்று காய்ந்த இலையும் பாசித் துணுக்கும் மிதந்து வரும், உலர்ந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கறுக்கும், சலசலப்பின் சுருதி இறங்கும். அணையின் எச்சரிக்கைச் சங்கு எல்லா இடத்திலும் கேட்காது. நம்பி இருக்காதீர்கள்.

நான்காம் படி: மட்டத்துக்கு ஏற்ப மீனைத் தேடுங்கள்

*நீர் குறைவாகவும் சீராகவும் இருக்கும்போது.* மடுக்களுக்குப் போங்கள். மடுவின் வாயில், வேகநீர் ஆழத்தில் விழுந்து தளரும் இடத்தில், மீன்கள் அடியோடு அடியாகப் படுத்திருக்கும். நீர் கண்ணாடிபோல இருப்பதால் உங்கள் நிழலே பகை. கொக்கைப்போலக் குனிந்து, கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி நெருங்குங்கள். நுனி நரம்பு மெல்லியதாக, 6எக்ஸ் அளவில் இருக்கட்டும் (எண் கூடக் கூட நரம்பு மெலியும், முள்ளும் சிறுக்கும்). முள் 20, 22 என்ற அளவில் மிகச் சிறியதாக இருக்கட்டும். மிட்ஜ் என்னும் கொசுவினப் பூச்சியின் கூட்டுப்புழுதான் அணைக்கு அடுத்த நீரில் குளிர்காலம் முழுவதும் கிடைக்கும் அன்றாட இரை. கறுப்பு அல்லது சிவப்பு நூலைச் சுற்றி, மேலே மெல்லிய கம்பியை வரிவரியாக ஓட்டினால் அது மிட்ஜ்.

*நீர் ஏறத் தொடங்கும்போது.* முதல் சில நிமிடங்கள் விருந்துக்காலம். அடியில் ஒட்டியிருந்த நன்னீர்க் கூனிகளும் புழுக்களும் பெயர்ந்து வரும். மீன்கள் துணிந்து இரை எடுக்கும். ஆசை காட்டி ஆளை அடிக்கும் நேரமும் அதுவே. கரையிலிருந்தபடி, கால் நனையாமல் போட முடிந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த விருந்தை மீனுக்கே விட்டுவிடுங்கள்.

*நீர் அதிகமாகவும் சீராகவும் இருக்கும்போது.* இங்கேதான் புதியவர்கள் வீணாக வீடு திரும்புகிறார்கள். ஆற்றின் நடுவே வேகம் தாங்காத மீன்கள் கரையோரத்துக்கு வந்துவிடும். கரையின் உள்வளைவு, விழுந்த மரத்தின் பின்புறம், நேற்றுவரை உலர்ந்திருந்த புல் விளிம்பு இவையெல்லாம் இப்போது மீன் நிற்கும் இடங்கள். கரையிலிருந்து ஒரு கோல் தூரத்துக்குள் தேடுங்கள். ஈயக்குண்டைக் கூட்டுங்கள், நரம்பு 4எக்ஸ் ஆகட்டும், புழுப்போன்ற பெரிய உருவமோ கூனி வடிவமோ கட்டுங்கள். ஈயம் அவ்வப்போது கல்லைத் தட்டவில்லை என்றால் நீங்கள் மீனுக்கு மேலே, ஆளில்லாத மாடியில் தூண்டில் போடுகிறீர்கள்.

*நீர் இறங்கும்போது.* மீன்கள் கரையை விட்டுப் பள்ளம் பார்க்கும். இறக்கம் மெதுவாக இருந்தால் மேட்டுநீர் மடுவில் விழும் விளிம்பில் நல்ல வேட்டை. வேகமாக இறங்கினால் ஒன்றிரண்டு மணி நேரம் எதுவும் கடிக்காது. அந்த நேரத்தில் கரையோரக் குட்டைகளைப் பாருங்கள், குஞ்சுகள் சிக்கியிருக்கும். விதிமுறை இடம் தந்தால் கையை நனைத்து அள்ளி ஆற்றில் விடலாம்.

நாளின் எந்த நேரம் என்பதும் முக்கியம். விடியலில் எழுந்து ஓட வேண்டிய கட்டாயம் குளிர்காலத்தில் இல்லை; இந்தப் பொழுதுபோக்கு எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை நீர் ஒரு டிகிரி ஏறினாலும் மீனிடம் மாற்றம் தெரியும். பையில் ஒரு வெப்பமானி போதும். 4 டிகிரிக்குக் கீழே என்றால் தக்கை அசைவதே அபூர்வம். 6, 7 டிகிரியைத் தொட்டால் உற்சாகமாகப் போடுங்கள். மூடுபனி படர்ந்த பிற்பகலில் பீட்டிஸ் இனப் பூச்சிகள் சாம்பல் இறகோடு மிதக்கக் கண்டால் ஈயத்தைக் கழற்றிவிட்டு மிதக்கும் பூச்சியைக் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: பனிக்கட்டியும் நீர்மட்டமும் சேரும் இடம்

கடுங்குளிரில் கரையோரமாகப் பனித்தட்டு கட்டும். நீர் அதே மட்டத்தில் இருக்கும்வரை அந்தத் தட்டுக்கு அடியில் நீர் முட்டுக்கொடுக்கும். அணை வெளியேற்றத்தைக் குறைத்ததும் நீர் இறங்கிவிடும், தட்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும். மேலே பார்த்தால் திடமான தரை. கால் வைத்தால் மளமளவென்று உடைந்து உள்ளே இறங்கும். நீர் ஏறினால் எதிர் விளைவு: தட்டுகள் பெயர்ந்து பலகை பலகையாக மிதந்து வந்து முழங்காலில் மோதும். குளிர்காலத்தில் மட்டம் மாறிய மறுநாள் காலை, பனித்தட்டுள்ள கரையில் இறங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அணையிலிருந்து தூரம் போகப் போக நீர் குளிர்ந்து பூஜ்யத்தை நெருங்கும். தெளிந்த, உறைபனி இரவுகளில் அங்கே ஆற்றின் அடிக்கற்களிலேயே பனி பூக்கும். வெயில் ஏறியதும் அது பிய்த்துக்கொண்டு, சரளையையும் பூச்சிகளையும் வாரிக்கொண்டு மேலே வரும். காலை பத்து மணிக்கு ஆறு முழுவதும் கஞ்சிபோல மிதந்தால் அதுதான். மதியத்துக்குள் தெளியலாம். காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் அணையை நோக்கிச் சில கிலோமீட்டர் மேலே போங்கள்.

ஆறாம் படி: முட்டைப் படுகையை மிதிக்காதீர்கள்

பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத் தொடக்கம் வரை முட்டையிடும். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு மூடும். பாசி படிந்த ஆற்றடியில் பளிச்சென்று துடைத்து வைத்ததுபோல ஒரு நீள்வட்டம் தெரிந்தால் அதுதான் படுகை. குஞ்சுகள் வசந்தம் வரை சரளைக்குள்ளேயே இருக்கும். ஆகவே மீன் அங்கே இல்லை என்பதற்காக அதன் மேல் நடக்கலாம் என்று அர்த்தமில்லை.

நீர்மட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிரம்பி ஓடும்போது மேட்டில் முட்டையிட்ட மீனுக்கு, டிசம்பரில் வெளியேற்றம் குறையும் என்று தெரியாது. 2021 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் ஹெப்கன் அணையில் மதகின் பாகம் ஒன்று பழுதாகி, மேடிசன் ஆற்றின் ஓட்டம் சிறிது நேரத்திலேயே பாதிக்கும் கீழே சரிந்தது. பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் படுகையில் இருந்த நேரம். சரளை வெளியே தெரிந்தது, மீன்கள் குட்டைகளில் சிக்கின. சுற்றுவட்டாரத் தூண்டில்காரர்கள் வாளிகளோடு வந்து, உறையும் குளிரில், மீன்களை ஒவ்வொன்றாக ஓடும் நீருக்கு மாற்றினார்கள். பழுது சரியாகும்வரை ஏறக்குறைய இரண்டு நாள் இப்படி நடந்தது.

முட்டையிடும் பகுதிகளைச் சில இடங்களில் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். உரிமம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: உடலோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

மார்பு வரை வரும் நீர்புகாக் காலாடைக்கு ‘வேடர்’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு வேட்டைக்காரனை நினைவூட்டும் அந்தப் பெயர் பொருத்தம்தான். அதன்மேல் இடுப்பு வார் கட்டாயம். விழுந்தால் நீர் உள்ளே நிரம்பும் வேகத்தை அது குறைக்கும். கம்பளியடிக் காலணியில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், ஆணி பதித்த ரப்பர் அடியே நல்லது. ஊன்றுகோல், மாற்றுடை, உலர்ந்த துண்டு. தூண்டில் கோலின் வளையங்களில் பனி அடைத்தால் உடைக்காமல் நீரில் முக்கிக் கரையுங்கள். பிடித்த மீனைப் படத்துக்காகத் தூக்கிப் பிடிக்காதீர்கள். உறைகாற்றில் அதன் செவுள் கருகிவிடும்.

எவ்வளவு ஆழத்தில் இறங்கலாம்? நீர் அளவையாளர்களிடம் ஒரு பழைய விதி இருக்கிறது: ஆழத்தை அடியிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்குங்கள், 10 வந்தால் இறங்காதே. அதாவது இரண்டரை அடி ஆழத்தில், வினாடிக்கு 4 அடி வேகம் என்றால் அதுவே எல்லை. அவர்கள் பழகியவர்கள். புதியவர்கள் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுள்ளியை மிதக்க விட்டு, பத்து அடியைக் கடக்க எத்தனை வினாடி என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடும்.

ஒருவேளை விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. திணறும், திணறட்டும்; வாயை நீருக்கு மேலே வைப்பது மட்டுமே வேலை. அதன் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம்தான். அதற்குள் கரையேற வேண்டும். காலைக் கீழ்நீரோட்டப் பக்கம் நீட்டி, மல்லாந்து, கரையை நோக்கிச் சாய்வாகக் கையைத் துழாவுங்கள். எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். முழங்காலுக்குக் கீழ் நீர் வரும்வரை எழ வேண்டாம்.

இப்போது பூச்சியைக் கட்டலாம். கட்டும் முன் சுள்ளியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.